டொமைன் பெயர் யார் பெயரில் இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஜவுளிக்கடை, அல்வாக்கடை, மைக் செட்டு, டியூஷன் சென்டர் என்று சின்ன ஆட்களுக்கு இணையதளம் செய்து தருவது என் பிழைப்பு. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். நடுவில் துவாலு, அங்குவிலா என்று கொஞ்சம் ஊர் சுற்றுவேன். பிடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம்.

டொமைன் வாங்கியாச்சு. வெப்சைட் எங்கே?

டொமைன் என்பது பிரவுசரில் தட்டுகிற பெயர் மட்டும். கடை போர்டில் எழுதும் பெயர் ஒன்று, கடைக்கு எடுக்கும் இடம் ஒன்று, உள்ளே அடுக்கும் சரக்கு ஒன்று. டொமைன், ஹோஸ்டிங், தளம் என்று இங்கேயும் அப்படித்தான், மூன்றுக்கும் பில் தனி. ஒரே ஆளிடம் மொத்தமாகக் காசு கொடுத்துவிட்டால் மூன்றும் ஒன்று போலத் தெரியும். சண்டை வரும்போதுதான் பிரித்துப் பார்ப்போம்.

பெயரைத் தட்டினால் சரியான இடத்துக்கு எப்படிப் போகிறது?

கணினிக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். அந்த எண்ணுக்கு ஐபி முகவரி என்று பெயர். பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ்.

தெரியாத ஊரில் ஒரு வீட்டை விசாரித்துக்கொண்டு போகிற மாதிரிதான் இது நடக்கிறது. நம் தபால் முகவரியில் ஆள் பெயர் முதலில், தெரு அடுத்து, ஊரும் மாவட்டமும் கடைசியில். டொமைனும் அதே வரிசை, அதனால் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். உங்கள் போனுக்காக, இணைய இணைப்பு தருபவரின் சர்வர் போன்ற ஒன்று, முதலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற ரூட் சர்வரிடம் போய் "டாட் காம் யார் கையில்?" என்று கேட்கும். "அதோ அவர்களிடம் போ" என்று பதில் வரும். அங்கே போனால் "இந்தக் கடைக்கு நேம்சர்வர் அது" என்று கை காட்டுவார்கள். அந்த நேம்சர்வர்தான் கடைசியில் எண்ணைச் சொல்லும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஒரு தடவை கேட்ட பதிலை வழியில் இருக்கிற சர்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகமும் வைத்துக்கொள்ளும்.

ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். 13 பெட்டிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் உலகம் முழுக்க நகல்கள் உண்டு, மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். இன்னொரு சின்ன வேடிக்கை: டாட் காமுக்குப் பிறகு இன்னொரு புள்ளி வைத்துத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலான தளங்கள் அப்படியே திறக்கும். அந்தக் கடைசிப் புள்ளிதான் ரூட். நாம் எழுதாமல் விட்டுவிட்ட புள்ளி அது.

இந்த வழிகாட்டிகள் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4ஆம் தேதி பார்த்தோம். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. கம்பெனியின் உள் வலையமைப்பில் செய்த ஒரு மாற்றத்தால், அவர்களுடைய நேம்சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்துபோனது. சர்வரில் தகவல் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் வழி சொல்ல ஆள் இல்லை.

இதையெல்லாம் யார் ஆரம்பித்தது?

ஆரம்பத்தில் ஒரே ஒரு ஃபைல்தான். இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்பாநெட் வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் ஒரு குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அவர்களிடம் சொல்லிச் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் புது ஃபைலை இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இது கட்டுப்படியாகவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார், கூடவே இருந்து வழிநடத்தியவர் ஜான் போஸ்டல். ஒரே இடத்தில் பட்டியல் வைக்காமல், அவரவர் பகுதிக்கு அவரவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்ததுதான் அதிலுள்ள சூட்சுமம். அந்தப் பழைய ஃபைலின் வாரிசு இன்றைக்கும் உங்கள் லேப்டாப்புக்குள் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15இல் பதிவானது. சிம்பாலிக்ஸ் என்ற மாசசூசெட்ஸ் கணினிக் கம்பெனி எடுத்தது. அந்த வருஷம் முழுக்கப் பதிவான டாட் காம்கள் மொத்தம் ஆறுதான். கம்பெனி பிறகு நொடித்துப்போனது. பெயரை 2009இல் ஒரு முதலீட்டாளர் வாங்கிக்கொண்டார், அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 1995 செப்டம்பர் வரை டொமைன் பதிவுக்குக் காசே கிடையாது என்றால் நம்புவீர்களா? அப்புறம்தான் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று வைத்தார்கள்.

காசு கொடுத்து வாங்கினேன். எனக்குச் சொந்தம்தானே?

"டொமைன் வாங்கினேன்" என்று எல்லாரும் சொல்கிறோம், நானும்தான். உண்மையில் அது குத்தகை. ஒரு வருஷம் முதல் பத்து வருஷம் வரை எடுக்கலாம், அதற்கு மேல் ஒரே மூச்சில் எடுக்க முடியாது. டாட் காம் பட்டியல் முழுவதையும் வைத்திருப்பது வெரிசைன் என்ற கம்பெனி, அதாவது ரெஜிஸ்ட்ரி. நமக்குச் சில்லறையில் விற்பவர் ரெஜிஸ்ட்ரார். இவர்களுக்கெல்லாம் விதி போடுவது 1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஐகேன். கடைசிப் படியில் நாம்.

அந்தக் கடைசிப் படியில் நிற்பது நிஜமாகவே நீங்கள்தானா என்பதுதான் இந்தப் பக்கத்தையே எழுத வைத்த கேள்வி.

எங்கள் ஊரில் ஒலி-ஒளி அமைப்பு நடத்தும் அண்ணாச்சி ஒருவர். மைக் செட்டு, ஜெனரேட்டர், கல்யாண வீட்டு டிஸ்கோ லைட்டு எல்லாம் வைத்திருக்கிறார். வேன் பின்னால் பெரிய எழுத்தில் டாட் காம் முகவரி. ஒரு வைகாசி முகூர்த்த நேரத்தில், மே 24ஆம் தேதி, என்னிடம் வந்து போனை நீட்டினார். அவருடைய தளம் இருந்த இடத்தில் ஏதோ விளம்பரப் பக்கம். தேடிப் பார்த்தால் ஏப்ரல் 2ஆம் தேதியே காலாவதி. பதிவு எந்த மெயிலில் என்று விசாரித்தால், நாலு வருஷத்துக்கு முன் தளம் செய்து கொடுத்த பையனின் மெயில். பையன் இப்போது துபாயில்.

"ஏடே, பேரு நம்ம கடைப் பேரு. துட்டும் நாந்தான் குடுத்தேன். பொறவு எப்படி அது அவன் பேர்ல இருக்கும்?"

"கடை உங்களுது அண்ணாச்சி. பதிவுல இருக்க மெயில் ஐடி அவனுது."

பையன் ஏமாற்றுக்காரன் இல்லை. அவசரத்தில் தன் கணக்கிலேயே எடுத்துவிட்டான், அவ்வளவுதான். ஆனால் ரெஜிஸ்ட்ராருக்கு வேன் தெரியாது, கடை தெரியாது. பதிவில் உள்ள பெயரும் மெயிலும்தான் தெரியும். இன்றைக்கே உங்கள் ஆளிடம் கேளுங்கள்: ரெஜிஸ்ட்ரார் யார், லாகின் எது, பதிவு எந்தப் பெயரில், எந்த மெயிலில், போன் நம்பர் யாருடையது. பதில் சொல்லத் தயங்கினால் காரணம் கேளுங்கள். அந்த மெயிலும் அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் படுத்தால் மெயிலும் சேர்ந்து படுக்கும், கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் வர வழியிருக்காது. சாவியைப் பூட்டிய வீட்டுக்குள் வைத்த கதை.

ரினியூ செய்ய மறந்தால் எத்தனை நாள் அவகாசம்?

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றில், காலாவதியான பிறகு ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அதிலும் கவனம், பல ரெஜிஸ்ட்ரார்கள் அந்த இடைவெளியிலேயே பெயரை ஏலத்தில் விடத் தொடங்கிவிடுவார்கள். அடுத்தது ரிடெம்ப்ஷன் என்ற 30 நாள். பழைய பதிவுதாரர் மட்டும், அதே ரெஜிஸ்ட்ரார் வழியாக மட்டும் மீட்கலாம். அபராதம் தீட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு 5 நாள் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆறாவது நாள் பெயர் சந்தைக்கு வந்துவிடும், அதற்காகவே நிரல் எழுதிக் காத்திருப்பவர்கள் நொடியில் கொத்திக்கொண்டு போவார்கள். நாட்டுக் குறியீடுகளில் இந்தக் கணக்கு மாறும், அவரவர் விதியைப் பாருங்கள்.

கொத்திக்கொண்டு போய் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? ஒரு பள்ளியின் பழைய ஆண்டு மலர் என்னிடம் இருக்கிறது. பின்னட்டையில் அச்சான முகவரியைத் தட்டினால் இன்றைக்கு ஆன்லைன் சூதாட்டம் திறக்கிறது. பழைய பெயருக்கு கூகுளில் இருந்த மதிப்பு அவர்களுக்கு இலவசம்.

பெரிய கம்பெனிகள் இப்படி மறக்குமா?

மறந்திருக்கின்றன. 1999 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயிலில் லாகின் செய்யப் பயன்பட்ட தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்ததில் ஹாட்மெயிலில் பலரால் நுழைய முடியவில்லை. லினக்ஸ் நிரலாளர் ஒருவர் தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி அதைச் சரிசெய்தார்.

2015 செப்டம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. கூகுளிலேயே முன்பு வேலை பார்த்த இந்தியர் ஒருவருக்கு, கூகுளின் சொந்த விற்பனைப் பக்கத்திலேயே கூகுள் டாட் காம் 12 டாலருக்குக் கிடைத்தது. ஒரு நிமிஷம் போல அவர் கையில் இருந்தது, பிறகு ரத்து செய்துவிட்டார்கள். அவருக்குக் கொடுத்த வெகுமதி 6,006.13 டாலர். எண்களை உற்றுப் பார்த்தால் கூகுள் என்ற ஆங்கில எழுத்துகள் தெரியுமாம். தொகையை அவர் தருமத்துக்குக் கொடுக்கச் சொல்ல, கூகுள் அதை இரட்டிப்பாக்கியது.

99 ரூபாய்க்கு டொமைன் என்று விளம்பரம் வருகிறதே?

முதல் வருஷத்துக்கு மட்டும். இரண்டாம் வருஷ விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டாட் காமுக்கு வெரிசைன் ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. 99 ரூபாய்க்கு விற்பவர் நஷ்டத்தை எங்கேயாவது எடுத்தாக வேண்டும், ரினியூவலில்தான் எடுப்பார்.

டாட் டிவி, டாட் எஃப்எம், டாட் டிஜே, டாட் ஜிஜி: இதெல்லாம் சினிமா, பாட்டு, கேம் ஆட்களுக்கென்று ஒதுக்கியதா?

இந்தக் கேள்வியை அண்ணாச்சியின் மகன் கேட்டான். அப்பாவின் தொழிலுக்கு டாட் டிஜே, தன் கேம் கூட்டத்துக்கு டாட் ஜிஜி வேண்டுமாம். ராத்திரி முழுக்க ரோல்-பிளேயிங் கேமில் வாளும் கவசமும் சேர்த்துக்கொண்டு திரிகிற பையன். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு ஆங்கில எழுத்தில் முடிவது ஏறக்குறைய எல்லாமே நாட்டுக் குறியீடு, அல்லது தனி ஆட்சிப் பகுதிக்கானது. டாட் டிஜே ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி. அவர்களுக்கு டிஸ்கோவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, இசைத்தட்டு சுழற்றுகிறவர்களை டிஜே என்று கூப்பிடுவதால் வந்த அதிர்ஷ்டம். டாட் எஃப்எம் பசிபிக்கில் இருக்கும் மைக்ரோனேசியா, வானொலிக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. டாட் ஏஎம் ஆர்மீனியா. டாட் ஜிஜி ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் கெர்ன்ஸி தீவு. ஆன்லைன் கேம் முடிந்ததும் "நல்ல ஆட்டம்" என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு ஜி தட்டுவது வழக்கம், அதனால் கேம்காரர்கள் அந்தத் தீவின் பெயரைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். டாட் ஐஓவும் அப்படித்தான். பிரவுசரில் பலர் சேர்ந்து விளையாடும் சின்ன கேம்களுக்கு ஐஓ கேம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

டாட் டிவிக்கு உரிய துவாலு, பசிபிக்கில் பத்தாயிரம் சொச்சம் பேர் வாழும் பவளத் தீவுக் கூட்டம். கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரம்கூட எங்கும் இல்லை. 2000இல் ஒரு அமெரிக்கக் கம்பெனி, 12 வருஷத்தில் 5 கோடி டாலர் தருவதாக அந்தக் குறியீட்டைக் குத்தகைக்கு எடுத்தது. அந்தப் பணத்தில்தான் துவாலு அதே வருஷம் செப்டம்பரில் ஐ.நா.வில் சேரும் செலவைச் சமாளித்தது. இன்றைக்கு கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளத்தின் முகவரியும் டாட் டிவிதான். ஒருவன் பூதத்தோடு சண்டை போடுவதை இன்னொருவன் உட்கார்ந்து பார்க்கிற வியாபாரத்தில், கடல் உயர்ந்தால் முங்கிப்போகிற ஒரு நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாத் தீவுக்கும் இப்படி வாய்க்கவில்லை. நியூவே என்ற இன்னொரு பசிபிக் தீவில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அதன் குறியீடான டாட் என்யு, ஸ்வீடிஷ் மொழியில் "இப்போது" என்று பொருள் தரும் சொல். ஸ்வீடனில் சக்கைப்போடு போட்டது. ஆனால் 1997இலேயே ஒரு அமெரிக்கத் தொழிலதிபர் அதன் பொறுப்பை வாங்கிவிட்டார். தீவுக்கு இலவச வைஃபை வந்தது உண்மை. குறியீடு மட்டும் தீவு அரசின் கைக்கு வரவில்லை. 2013இல் நிர்வாகம் ஸ்வீடனின் இணைய அறக்கட்டளைக்குப் போனது. நியூவே அரசு அங்கேயே போய் வழக்குத் தொடுத்தது. அண்ணாச்சி கேட்ட அதே கேள்விதான்: பேரு என்னோடது, பதிவு எப்படி அவன் கையில?

டாட் ஏஐ எடுக்கலாமா?

காசு இருந்தால் எடுங்கள், குறைந்தது இரண்டு வருஷத்துக்குக் கட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்காக வந்த பெயர் இல்லை அது. கரீபியனில் பதினாறாயிரம் பேர் போல வாழும் அங்குவிலா தீவின் குறியீடு. 2023இல் மட்டும் இதிலிருந்து ஏறக்குறைய 3.2 கோடி டாலர் வந்தது, அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். சுற்றுலாவை நம்பிப் புயலுக்குப் பயந்து வாழ்கிற தீவுக்கு இது நிஜமான லாட்டரி.

அந்த நாடே இல்லாமல் போனால் டொமைன் என்ன ஆகும்?

சில நேரம் போய்விடும், சில நேரம் ஆவியாகச் சுற்றும். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010 மார்ச்சில் நீக்கப்பட்டது, அதில் இருந்தவர்கள் செர்பியா, மாண்டினீக்ரோ குறியீடுகளுக்கு மாற வேண்டியிருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் குறியீடும் போய்விட்டது, ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டினுடையதும் போய்விட்டது. ஆனால் சோவியத் யூனியனுக்கு 1990 செப்டம்பரில் கொடுத்த டாட் எஸ்யூ? நாடு அடுத்த வருஷமே கலைந்தது, குறியீடு அதன் பிறகும் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது.

இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது டாட் ஐஓவை. அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்குரியது, அதாவது சாகோஸ் தீவுகள். டியகோ கார்சியா ராணுவத் தளத்துக்காக அங்கிருந்த மக்களை 1968 முதல் 1973 வரை வெளியேற்றினார்கள். தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றும் ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் கையெழுத்தானது. பகுதி மறைந்தால், நாட்டுக் குறியீடுகளை வகுக்கும் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் பட்டியலிலிருந்து அதன் இரண்டெழுத்தும் போகலாம், போனால் டொமைனையும் படிப்படியாக மூட விதி இருக்கிறது. நாளைக்கே நடக்கிற காரியம் இல்லை, வருஷக்கணக்கில் அவகாசம் தருவார்கள். இருந்தாலும் புதிதாகக் கடை திறக்கிறவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

தமிழிலேயே டொமைன் கிடைக்குமா?

கிடைக்கும். கடைசிப் பகுதியே தமிழில் இருக்கிற மூன்று குறியீடுகள் உண்டு: டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர். மூன்றும் 2010, 2011 வாக்கில் வந்தவை. ஒரே மொழி மூன்று நாட்டின் குறியீடாக இருப்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை, மறைக்க மாட்டேன்.

ஆனால் பிழைப்புக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். டிஎன்எஸ் உள்ளுக்குள் ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு தவிர வேறெதையும் அறியாது. அதனால் தமிழ்ப் பெயரைப் பியூனிகோடு என்ற முறையில் ஆங்கில எழுத்துக் குவியலாக மாற்றித்தான் சேமிக்கிறார்கள். "சிங்கப்பூர்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஒற்றும் உயிர்க்குறியும் கணினிக்குத் தனித்தனி என்பதால் அதன் கணக்கில் பதினொன்று. பியூனிகோடாக மாறியதும் 22. ஒரு பகுதிக்கு உச்சவரம்பு 63 என்பதால் நீளமான கடைப் பெயர்கள் முட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு தொல்லை, முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் அந்தக் குவியல்தான் போய்ச் சேரும். வாங்கிப் பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார். தமிழ் மெயில் முகவரியை ஏற்காத படிவங்களும் நிறைய. ஆங்கிலப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயரையும் எடுத்து அதற்கே திருப்பிவிடுவதுதான் நான் செய்து தருவது.

ஒரே மாதிரி தெரிகிற பெயர்களால் ஆபத்து உண்டா?

உண்டு. ரஷ்ய எழுத்துகளில் சில ஆங்கில எழுத்து போலவே இருக்கும். 2017இல் ஆராய்ச்சியாளர் ஒருவர் ரஷ்ய எழுத்துகளை மட்டும் வைத்து ஆப்பிள் என்று படிக்கும்படி ஒரு பெயரைப் பதிவு செய்து காட்டினார், சில பிரவுசர்களில் அசலுக்கும் போலிக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

தமிழுக்கு ரஷ்ய எழுத்தெல்லாம் வேண்டாம், நம்மிடமே சரக்கு இருக்கிறது. ஔவை என்று எழுதுங்கள். முதல் எழுத்து ஔ, ஒரே எழுத்து. இப்போது ஒ தட்டி, பக்கத்தில் ள தட்டி, வை சேருங்கள்: ஒளவை. பல எழுத்துருக்களில் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும், கணினிக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். கௌரியும் கெளரியும் இப்படித்தான். கௌரி ஸ்டோர்ஸ் என்று எடுக்கிறவர் கெளரியையும் சேர்த்து எடுப்பது நல்லது. தமிழ் எண்கள் இன்னும் மோசம். ஒன்றுக்கான ௧ அப்படியே க, ஏழுக்கான ௭ அப்படியே எ.

வங்கி லிங்க் அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் சொன்ன தபால் முகவரி முறைதான். தொடக்கத்தைப் பார்க்காதீர்கள், கடைசியைப் பாருங்கள். ஆரம்பத்தில் வங்கிப் பெயர், புள்ளி, அப்புறம் கேஒய்சி-அப்டேட் டாட் காம் என்று முடிந்தால், அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர் கேஒய்சி-அப்டேட் என்ற பெயரை எடுத்தவர். முன்னால் என்ன வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், அதற்குக் காசும் கிடையாது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். பூட்டு, பேச்சை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது. பேசுவது திருடனோடு என்றால் அதையும் பத்திரமாகத்தான் பேசுவீர்கள்.

நான் வைத்த கடைப் பெயரை வேறொருவர் டொமைனாக எடுத்துவிட்டார். வழி உண்டா?

அவர் நியாயமாகத் தன் தொழிலுக்கு எடுத்திருந்தால் இல்லை. முந்தினவருக்குத்தான் பெயர். உங்கள் பெயரின் மதிப்பில் குளிர்காய எடுத்திருந்தால் உண்டு. இதில் இந்தியாவின் முக்கியமான வழக்கு சென்னைக் கம்பெனி ஒன்றுடையது. சத்யம் இன்ஃபோவே தன் சிஃபி பெயரைப் போன்றே சிஃபிநெட் என்று வேறொருவர் வைத்ததை எதிர்த்துப் போனது. பெங்களூரு கீழ் நீதிமன்றம் தடை கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை எடுத்தது, 2004இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தடை கொடுத்தது. டொமைன் வெறும் முகவரி இல்லை, வணிகச் சின்னத்துக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கோர்ட்டுக்குப் போகாமல் ஐகேன் வகுத்த நடுவர் முறையிலும் போகலாம். ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு பெயருக்குக் கட்டணம் 1,500 டாலரில் தொடங்கும். டாட் இன் பெயர்களுக்கு இங்கேயே தனி நடுவர் முறை இருக்கிறது. அல்வாக்கடைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பது வேறு விஷயம். ஊர்ப் பெயரைப் பின்னால் சேர்த்து வேறு பெயர் எடுத்துக்கொள்வதே பலருக்கும் லாபம்.

"உங்கள் டொமைன் முடியப்போகிறது, உடனே பணம் கட்டவும்" என்று தெரியாத இடத்திலிருந்து மெயில் வருகிறது.

கட்டாதீர்கள். உங்கள் ரெஜிஸ்ட்ராரின் தளத்துக்கு நீங்களே போய்த் தேதியைப் பாருங்கள். "சீனக் கம்பெனி ஒன்று உங்கள் பெயரைப் பதிவு செய்யப் பார்க்கிறது" என்று வரும் மெயிலும் பழைய தூண்டில்தான். ஆனால் ஒரு மெயிலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: டாட் காம் போன்ற பெயரைப் புதிதாக எடுத்ததும், உங்கள் மெயில் ஐடியை உறுதி செய்யச் சொல்லி ரெஜிஸ்ட்ரார் அனுப்புவது. 15 நாளில் உறுதி செய்யாவிட்டால் தளத்தை நிறுத்திவிடுவார்கள்.

ஹோஸ்டிங் மாற்றினேன். எனக்குப் புதுத் தளம், மனைவி போனில் பழைய தளம். ஏன்?

வழியில் இருக்கிற சர்வர்கள் பழைய பதிலை ஞாபகம் வைத்திருக்கின்றன. எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரு எண் இருக்கும். 3,600 என்றால் ஒரு மணி நேரம், 86,400 என்றால் ஒரு நாள். மாற்றுவதற்கு முந்தின நாளே அதைக் குறைத்து வைத்தால் இந்தக் குழப்பம் இருக்காது. இப்போதைக்குக் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

சரி, அண்ணாச்சிக்குப் பெயர் திரும்பக் கிடைத்ததா?

அவர் வந்தது காலாவதியான 52ஆம் நாள். 45 முடிந்துவிட்டது, ரிடெம்ப்ஷனில் ஒரு வாரமும் போய்விட்டது. துபாய்ப் பையனுக்குப் போன் போட்டால் அவனுக்கே அந்தப் பழைய மெயிலின் கடவுச்சொல் மறந்திருந்தது. மீட்பதற்குக் கொடுத்திருந்த இந்திய சிம்மும் இப்போது வேறு யாரிடமோ. கடைசியில் அவனே சொன்னான்: "என் பழைய லேப்டாப் அம்மாட்ட கெடக்குண்ணே, அதுல லாகின் அப்படியே இருக்கும்."

மகாராஜ நகரில் அவன் வீட்டுக்குப் போனோம். அம்மா பரணிலிருந்து ஒரு பையை இறக்கினார். சார்ஜர் போட்டு அரை மணி நேரம் ஆகியும் உயிர் வரவில்லை. அண்ணாச்சி தன் வேனிலிருந்து வேறொரு வயரை எடுத்து வந்தார், மைக் செட்டுக்காரருக்கு வயருக்கா பஞ்சம். திறந்து அவர் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் மெயில் கொட்டியது. "இன்னும் 30 நாளில் முடிகிறது", "இன்னும் 7 நாளில்", "முடிந்துவிட்டது" என்று வரிசையாக, ஒன்றுகூடப் படிக்கப்படாமல். பையன் போனில் இருக்கும்போதே கணக்கைத் திறந்து, அபராதம், புதுப்பிப்பு எல்லாம் சேர்த்து எட்டாயிரம் சொச்சம் கட்டினோம். பெயரை அண்ணாச்சியின் கணக்குக்கு மாற்றி, அவருடைய மெயிலையும், வீட்டம்மா நம்பரையும் போட்டோம். வீட்டம்மா நம்பர் ஏன் என்றால் அவர்தான் சிம்முக்கு ஒழுங்காக ரீசார்ஜ் செய்கிறவர்.

தளம் மறுநாள் காலை வந்துவிட்டது. வேன் பின்னால் இருந்த முகவரியை அழிக்கச் சொல்லிப் பெயின்டரிடம் முன்பணமாகக் கொடுத்த 200 ரூபாய்தான் திரும்ப வரவில்லை.